காலையில் ஒரு மூலை படுத்துக்கிடக்கும் கார்: ஏர் சஸ்பென்ஷனை வீட்டில் வைத்துச் சோதிப்பது

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் இருக்கிறீர்கள். பத்து வருஷம் ஓடிய வெளிநாட்டு எஸ்யூவி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ராத்திரி சமமாக நிறுத்திய வண்டி காலையில் முன்பக்க இடது மூலையில் டயர்மேல் படுத்திருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் எழுந்துவிடுகிறது. போன வாரம் அம்பாசமுத்திரம் போய்த் திரும்பும்போது மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. காட்டிய இடத்தில் பைகளுக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரையும் நான்கு பைகளையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் வைத்து நாமே பார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் கம்ப்ரஸருக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் கம்ப்ரஸர் கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் நோய் அங்கே தொடங்கவில்லை. எங்கேயோ காற்று கசிகிறது, அதை ஈடுகட்ட அது ராப்பகலாக உழைத்து ஓய்ந்துபோகிறது. கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரஸர் போட்டால் அதுவும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும். இப்படி இரண்டாவது முறையும் கம்ப்ரஸர் எரிந்த பிறகு என்னிடம் வந்த வண்டிகள் உண்டு. அவிழ்த்துப் பார்த்தால் ஒரு டியூப் முனையில் கசிவு. அதற்கு ஆகும் செலவு ஒரு வேளை சாப்பாட்டுக் காசு.

நான் இந்த வேலையைக் கற்றது பஸ்ஸில். 2001-ல் வால்வோ பஸ் நம் நாட்டுக்கு வந்து, நான்குவழிச் சாலையில் ஆம்னி பஸ்கள் காற்றுப் பையில் ஓட ஆரம்பித்த காலத்தில்தான் நம் ஊர் மெக்கானிக்குகள் பலருக்கும் அந்தப் பையைக் குறிக்கும் பெல்லோஸ் என்ற சொல்லே பழக்கமானது. பஸ்ஸில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இன்ஜின் ஓட்டும் பெரிய கம்ப்ரஸர், பிரேக்குக்கும் பைக்கும் ஒரே காற்று, உயரத்தைச் சரிசெய்ய ஒரு இரும்புக் கம்பியும் லெவல் வால்வும். காரில் அதே தத்துவம்தான், பொருள்கள் மட்டும் சிறுத்து மறைவிடத்துக்குப் போய்விட்டன. மின்சாரத்தில் ஓடும் சின்னக் கம்ப்ரஸர், அதோடு ஒட்டிய ஈரம் உறிஞ்சும் டிரையர், காற்றைப் பங்கிடும் வால்வு பிளாக், பல வண்டிகளில் ஒரு சேமிப்புத் தொட்டி, நான்கு பை, சக்கரத்துக்கு ஒன்றாக உயர சென்சார், இவற்றை ஆளும் ஒரு கம்ப்யூட்டர். இவ்வளவுதான் குடும்பம்.

வேலையில் கை வைக்கும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும், இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். காற்றில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள். எஸ்யூவியின் எடை இரண்டு டன்னுக்கு மேல். பை கிழிந்தாலும், டியூப் கழன்றாலும், யாராவது கதவைத் திறந்து கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு உயரத்தைக் குறைத்தாலும், நொடியில் அடிப்பாகம் தரைக்கு வந்துவிடும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. பாடியின் உறுதியான இடத்தில் ஸ்டாண்டு கொடுத்து, ஆட்டிப் பார்த்து, அதன் பிறகு குனியுங்கள். ஜாக்கி வைக்கும் முன் வண்டியின் மெனுவில், உயரத்தைத் தானாக மாற்றாமல் நிறுத்தி வைக்கும் ஜாக்கி நிலையைப் போடுங்கள். அது இல்லாத வண்டியில் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். தொட்டியில் இருக்கும் அழுத்தம் பல வண்டிகளில் 15 பார் (காற்றழுத்த அலகு) வரை போகும். கார் டயரில் இருப்பது இரண்டேகால் பார் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள்.

சரி, சோதனைக்கு வருவோம்.

முதல் கருவி தையல்காரரின் அளவு நாடா. சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். போர்டிகோவில் தண்ணீர் ஓடச் சரிவு விட்டிருப்பார்கள், அது சமதரை ஆகாது. வழக்கமான உயரத்தில் நிற்க வைத்து, இன்ஜினை அணைத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு மூலைக்கும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏறக்குறைய இருந்தாலே கணக்குத் தப்பிவிடும். பிறகு சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றுங்கள். இது முக்கியம். பல வண்டிகள் நிறுத்திய பிறகும் அவ்வப்போது விழித்து, இறங்கிய மூலைக்குத் தக்கபடி மற்ற மூலைகளையும் இறக்கிச் சமன் செய்யும். ஃபியூஸ் இருந்தால் காலையில் நான்கும் சமமாக இறங்கியிருக்கும், எந்த மூலை குற்றவாளி என்று தெரியாது. சாவியை வீட்டுக்குள் வையுங்கள், ராத்திரி கதவைத் திறக்காதீர்கள். விடிந்ததும் அதே நான்கு இடங்களை அளந்து பாருங்கள்.

அளவைப் படிக்கும்போது நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியில் நின்ற வண்டி விடியற்காலை 27 டிகிரிக்கு வரும்போது பைக்குள் இருக்கும் காற்று சுமார் 4 சதவீதம் சுருங்கும். எடை மாறவில்லை, அதனால் அழுத்தம் அப்படியே இருக்கும், கன அளவுதான் குறையும். நான்கு மூலையும் ஒன்றுபோல ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கினால் அது குளிர்ந்ததால் வந்தது. அதைக் கசிவு என்று சொல்லி யாராவது பை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு மூலை மட்டும் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் போனால் அதுதான் கசிவு.

எந்த மூலை, எப்படி இறங்குகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தப் பை, அந்த டியூப், அல்லது வால்வு பிளாக்கில் அந்தப் பைக்குரிய வால்வு, இந்த மூன்றில் ஒன்று. முன்பக்கம் இரண்டும் கைகோத்து இறங்கினால் எனக்கு முதலில் வால்வு பிளாக்மேல்தான் சந்தேகம் வரும். இரண்டு பைகள் ஒரே நாளில் ஒரே அளவு கிழிவது அபூர்வம். வண்டி இறங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தோ, ஒரு மூலை அளவுக்கு மீறித் தூக்கியோ நின்றால் அது பெரும்பாலும் காற்றுப் பிரச்சினை இல்லை, முதலில் சென்சாரைப் பாருங்கள். சென்சாருக்கும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்முக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கம்பி உண்டு. அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் குமிழ் கழன்றால் கம்ப்யூட்டருக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாது, தவறான உயரத்தையே சரி என்று நம்பி நிற்க வைக்கும். மாஞ்சோலை மலை மாதிரிக் கல்லும் குண்டும் உள்ள பாதையில் போய்வந்த வண்டிகளில் இதை முதலில் பார்த்துவிடுவேன்.

அடுத்தது சோப்புத் தண்ணீர். பாத்திரம் விளக்கும் திரவத்தை ஒரு கரண்டி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, செடிக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானில் ஊற்றிக்கொள்ளுங்கள். வண்டியை அதன் அதிகபட்ச உயரத்துக்கு ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். ஏன் அதிகபட்ச உயரம்? பையின் அடிப்பாகத்தில் ரப்பர் உள்பக்கம் மடிந்து உருளும். வழக்கமான உயரத்தில் அந்த மடிப்பு தனக்குள் மறைந்திருக்கும், உயர ஏற்றினால்தான் விரிந்து காட்டும். ரப்பர் வெடிப்பதும் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆடி மாதம், காற்று ஓயாமல் அடிக்கும் நாள். பையை விரித்துப் பார்த்தால் மடிப்புக்குள் தேரிக்காட்டுச் செம்மண் ஒரு வளையமாகப் படிந்திருந்தது, குங்குமச் சிமிழின் அடியில் ஒட்டியிருப்பதுபோல. வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மண் ரப்பரை அரம்போல உரசியிருக்கிறது. சோப்புத் தண்ணீர் அடித்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைக் கிட்டே வைத்துக் காத்திருந்தேன். அரை நிமிஷம் போல ஆனதும் மடிப்பில் ஓர் இடத்தில் கடுகு அளவு குமிழ் ஒன்று தோன்றி, உடைந்து, அதே இடத்தில் மறுபடியும் வந்தது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. சிறிது நேரத்தில் கலயத்து விளிம்பில் பதநீர் நுரை கட்டுவதுபோல அந்த விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஒரு ராத்திரியில் ஒரு மூலையைப் படுக்க வைக்க அந்தக் கடுகளவு குமிழ் போதும். அதனால் அடித்ததும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்துவிடாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிஷமாவது பொறுங்கள்.

மடிப்பு, பையை இறுக்கிப் பிடித்திருக்கும் மேல் வளையம், டியூப் உள்ளே போகும் முனை, இந்த மூன்று இடத்திலும் அடியுங்கள். சில வண்டிகளின் முன் பைகளுக்கு அலுமினிய உறையும் தூசி மறைப்பும் இருக்கும், ரப்பர் கண்ணில் படாது. அங்கே மறைப்பின் ஓரத்தில் நுரை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் பை நல்லது என்று முடிவு கட்டக் கூடாது, கீழே சொல்லும் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும். டியூபை அதன் பாதை முழுக்கத் தடவிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். களக்காட்டில் வாழைத்தோட்டத்து வீட்டுக்காரர் ஒருவர் வண்டியில் பை, வால்வு எல்லாம் புதிதுபோல இருந்தன. வீல் ஆர்ச் உள்மறைப்பைக் கழற்றினால் எலி கூடு கட்டியிருந்தது. கறுப்பு நைலான் டியூபில் இரண்டு பல் தடம். ஒன்று லேசான கீறல், மற்றது ஓட்டை. டியூப் கடிபட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த இடத்தை நேராக வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு யூனியன் போட்டு இணைத்தால் வேலை முடிந்தது.

சோப்புத் தண்ணீரில் எதுவும் தெரியாமல் மூலை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தால் பையா, வால்வு பிளாக்கா என்று பிரித்தறிய வேண்டும். இங்கேதான் ஒர்க்‌ஷாப்புகள் பலவும் பொறுமை இழந்து இரண்டையும் மாற்றச் சொல்கின்றன. வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, எனக்கு இதில் முழு நம்பிக்கை. பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்க விட்டு, ஃபியூஸைக் கழற்றுங்கள். வால்வு பிளாக் பெரும்பாலும் கம்ப்ரஸருக்குப் பக்கத்திலோ, முன் பம்பருக்குப் பின்னாலோ, வீல் ஆர்ச்சுக்குள்ளோ இருக்கும். அதிலிருந்து இடது முன் பைக்குப் போகும் டியூபுக்குப் பெயிண்டால் அடையாளம் வைத்து, நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திக் காற்றை மெதுவாக வெளியே விடுங்கள். முழுக்க அடங்கிய பிறகு டியூபை உருவுங்கள். தொட்டிக்குப் போகும் டியூபைத் தொடவே வேண்டாம். எது எந்த டியூப் என்று சந்தேகம் இருந்தால் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகப் படத்தைப் பார்க்காமல் நட்டில் கை வைக்காதீர்கள்.

பஸ், லாரி காற்றுச் சாமான் விற்கும் கடையில் 6 மில்லிமீட்டர் டியூபுக்கான தள்ளிப் பொருத்தும் யூனியனும், அதில் மாட்டும் டயர் வால்வும் கேளுங்கள். சில கார்களில் டியூப் 4 மில்லிமீட்டர், அதனால் அளந்துவிட்டுப் போங்கள். உருவிய டியூபில் இந்த டயர் வால்வை மாட்டினால் பைக்கு நேராகக் காற்று அடிக்கலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரோ, ஓரளவு நல்ல கையடக்கக் கம்ப்ரஸரோ போதும். சக்கரம் தொங்கும்போதே கொஞ்சம் காற்று அடித்துப் பையை விரிய விடுங்கள், பிறகு வண்டியை இறக்கி, வழக்கமான உயரம் வரும் வரை அடித்து நிறுத்துங்கள். வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்து நாம் போட்ட இணைப்பே கசியவில்லை என்று உறுதி செய்யுங்கள். இனி ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டியதுதான். காலையில் மூலை நிமிர்ந்து நின்றால் பையும் டியூபும் நல்லவை, வால்வு பிளாக்கோ அதில் டியூப் மாட்டும் முனையோ கசிகிறது. படுத்திருந்தால் பை அல்லது டியூப். அந்த டயர் வால்வைப் பத்திரமாக வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரி தாண்டி நடுரோட்டில் மூலை இறங்கினால், பஞ்சர் கடை வரை ஆள் அனுப்பிக் காற்று ஏற்றி, மெதுவாக ஓட்டி வீடு வந்து சேரலாம்.

இப்போது கம்ப்ரஸர். அது எப்படிச் சாகிறது என்று புரிந்துகொண்டால் நான் ஏன் கசிவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன் என்பது விளங்கும். பஸ்ஸில் காலையில் வண்டி எடுக்கும் முன் காற்றுத் தொட்டியின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடிப்போம். காற்றை அழுத்தினால் அதில் உள்ள ஈரம் தண்ணீராகும், அது இயற்கை. காரில் அப்படி வடிக்கும் பழக்கம் இல்லை, டிரையர்தான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உள்ளே கற்கண்டுபோல மணிகள் இருக்கும். வண்டி ஏறும்போது காற்று அந்த மணிகள் வழியாகப் போய் ஈரத்தை அங்கே விட்டுவிடும். வண்டி இறங்கும்போது பையில் இருந்த காய்ந்த காற்று, பெரும்பாலான வண்டிகளில், அதே மணிகள் வழியாகத் திரும்பி வெளியேறும், போகிற போக்கில் அந்த ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஏறுவதும் இறங்குவதும் மாறிமாறி நடக்கும் வரை மணிகள் தாமாகக் காய்ந்துகொள்ளும்.

கசியும் வண்டியில் என்ன ஆகிறது? காற்று பையின் ஓட்டை வழியாகப் போய்விடுகிறது, டிரையர் வழியாகத் திரும்புவதே இல்லை. ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, காயவைக்கும் காற்று இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் வேகமாக நடக்கும். மணிகள் ஊறி, பொடிந்து, அந்தப் பொடியும் தண்ணீரும் வால்வு பிளாக்குக்குப் போய் வால்வு அழுந்தி மூடும் இடத்தில் உட்காருகின்றன. அப்புறம் வால்வும் கசியும். இன்னொரு பக்கம், ஒரு நிமிஷம் ஓடி ஓய வேண்டிய கம்ப்ரஸர் நிமிஷக் கணக்கில் ஓடி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, அழுத்தம் குறைந்து, அதை ஈடுகட்ட இன்னும் அதிக நேரம் ஓடுகிறது. உங்களுக்கு அம்பாசமுத்திரம் சாலையில் விழுந்த மஞ்சள் விளக்கு அநேகமாக இதுதான். கம்ப்ரஸர் சூடாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் அதை நிறுத்தியிருக்கும். ஆறிய பிறகு மறுபடி ஓடியிருக்கும்.

கம்ப்ரஸரைச் சோதிக்க முதலில் காது. ஓடும்போது சீரான இரைச்சல் வந்தால் நல்லது. கடகடவென்று அடித்தாலோ, இழுத்து முனகினாலோ தேய்மானம். சத்தமே இல்லை என்றால் ஃபியூஸையும், கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். மல்டிமீட்டரில் கம்ப்ரஸர் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தும் ஓடாவிட்டால் மோட்டார் போய்விட்டது. ஓடுகிறது, ஆனால் தூக்கவில்லை என்றால் வெளியேறும் முனையில் ஒரு அழுத்த மீட்டரை மாட்டி ஓட விடுங்கள். நல்ல கம்ப்ரஸர் தயங்காமல் 10 பாரைத் தாண்டும். ரிங் தேய்ந்தது 6, 7 பாரில் திணறி அங்கேயே நிற்கும். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து ஓட்டினால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், அப்போது சூட்டைக் கண்காணிக்க யாரும் இல்லை.

ரிங் மட்டும் தேய்ந்திருந்தால் ரிங்கும் சிலிண்டர் உறையும் கொண்ட கிட் தனியாகக் கிடைக்கிறது, பொறுமை உள்ள கை ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடும். திறந்த கையோடு டிரையர் மணிகளையும் புதிதாகப் போடுங்கள். அடுப்பில் வறுத்துப் பழைய மணியையே போடலாம் என்பார்கள். நான் செய்வதில்லை. ஊறிப் பொடிந்த மணி காய்ந்தாலும் பொடிந்த மணிதான், அந்தப் பொடி வால்வுக்குத்தான் போகும். காற்று உள்ளே இழுக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள், அதை யாரும் பார்ப்பதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ரிலே. அதிக நேரம் ஓடிய ரிலேயின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால், வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகும் கம்ப்ரஸர் எரிந்துபோகும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான், பல ஆயிரம் ரூபாய்க் கம்ப்ரஸரைக் கொன்றுவிடும். கம்ப்ரஸரில் கை வைத்தால் ரிலேயைப் புதிதாகப் போடாமல் மூடக் கூடாது என்பது என் பிடிவாதம்.

பை மாற்றும் வேலைக்கு வந்தால், பின்பக்கம் பல வண்டிகளில் பை தனி, ஷாக் அப்சார்பர் தனி. கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். முன்பக்கம் பெரும்பாலும் பையும் ஷாக்கும் ஒரே துண்டு, கழற்ற மேல் ஆர்ம், சென்சார் கம்பி, பிரேக் ஒயர் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். உங்களுக்கு டார்க் ரெஞ்சும், கூடமாட ஒரு ஆளும் இருந்தால் இறங்குங்கள், இல்லையென்றால் சாமானை மட்டும் வாங்கிக்கொண்டு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. எது பழுது என்று நீங்கள் கண்டுபிடித்துக் கொண்டுபோனாலே பெரிய செலவு தப்பிவிட்டது.

மாற்றும்போது புதுப் பையைச் சாகடிக்கும் தவறு ஒன்று உண்டு, அனுபவசாலிகளும் செய்கிறார்கள். பையைப் பொருத்தி, காற்று ஏற்றாமல், வண்டியைச் சக்கரத்தில் இறக்கிவிடுவார்கள். காற்றில்லாத ரப்பர் கோணலாக மடிந்து, இரண்டு டன் அதன்மேல் உட்காரும். அப்புறம் காற்று ஏறும்போது அந்த மடிப்பு நசுங்கி, முதல் நாளே வெடிப்புக்கு வித்திட்டுவிடும். சக்கரம் தொங்கும்போதே, வண்டிக் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்கேனர் மூலமோ நாம் செய்த டயர் வால்வு மூலமோ காற்று ஏற்றி, ரப்பர் சீராக உருண்டு மடிவதைக் கண்ணால் பார்த்து, அதன் பிறகே இறக்க வேண்டும். அதே சமயம், வண்டியில் பொருத்தாத பைக்குக் காற்று அடித்துச் சோதிக்கவும் கூடாது. பிடிப்பு இல்லாமல் அது பிய்த்துக்கொண்டு பறந்தால் உயிருக்கே ஆபத்து.

டியூப் முனையில் பழைய பித்தளை வளையம் கவ்வியிருக்கும். அதைப் பிடுங்கி மறுபடி பயன்படுத்தாமல், புது பிளேடால் டியூபை ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிட்டு, புது முனை போடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் டியூப் நசுங்கி, அந்த நீள்வட்டத்திலேயே கசியும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை வண்டி தொங்கும்போது கைமுறுக்கில் விட்டு, வழக்கமான உயரத்தில் நிற்கும்போது கடைசியாக முறுக்குங்கள். எவ்வளவு முறுக்கு என்பதற்குச் சர்வீஸ் புத்தகம்தான் பிரமாணம். சென்சாரை மாற்றினாலோ அதன் இடத்தை அசைத்தாலோ ஸ்கேனரில் உயர அளவைப் புதிதாகப் பதிய வேண்டும், பிறகு வீல் அலைன்மென்ட்.

பஞ்சர் பேஸ்டு, டியூப் ஒட்டும் சொல்யூஷன், உள்ளே ஊற்றும் சீலண்ட் எதுவும் பைக்கு ஆகாது. டயர் சுழன்றாலும் அதன் வடிவம் பெரிதாக மாறாது, பையோ நாள் முழுக்க உருண்டு மடிந்துகொண்டே இருக்கிறது, ஒட்டு நிற்காது. சீலண்ட் வால்வு பிளாக்குக்குப் போனால் அதையும் அடைத்துவிடும். ரப்பருக்கு மெருகு வர ஆயில், கிரீஸ், டீசல் தடவுவதும் வேண்டாம், அது ரப்பரை ஊற வைத்து அரித்துவிடும். மாதம் ஒரு முறை வண்டியை உயர ஏற்றி, மடிப்புக்குள் வெறும் தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கழுவினால் போதும். குழாய்த் தண்ணீர் அழுத்தமே தாராளம், வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாதாரணச் சுருள் ஸ்பிரிங் போட்டுவிடலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். சில வண்டிகளுக்கு அந்தக் கிட் கிடைக்கிறது. பத்து, பன்னிரண்டு வருஷ வண்டியில் வால்வு பிளாக், கம்ப்ரஸர், இரண்டு பை எல்லாம் ஒரே நேரத்தில் போயிருந்தால் அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அந்த வண்டியை வாங்கியதே குடும்பத்தோடு சாமான் ஏற்றினாலும் சமமாக நிற்கும், மலைப்பாதையில் தூக்கிக்கொள்ளும் என்பதற்காகத்தான். ஒரு பையோ ஒரு டியூபோ மட்டும் பழுது என்றால் அதற்காக மொத்தத்தையும் பிடுங்கி எறிய எனக்கு மனம் வராது.

உங்கள் வண்டிக்கு என் கணிப்பு: இடது முன் பை, அல்லது அதற்குப் போகும் டியூபின் மேல் முனை. கம்ப்ரஸர் இன்னும் இரண்டு மூன்று நிமிஷத்தில் தூக்குகிறது, ஆகவே உயிர் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் அதை இப்படி ஓட்டிக்கொண்டிருந்தால் அதிக நாள் தாங்காது. கசிவு சரியாகும் வரை தேவையில்லாமல் எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மூலை முழுக்க எழும் வரை நகர்த்தாதீர்கள், படுத்த வண்டியை உருட்டினால் டயரும் மட்கார்டும் உரசும், பை நசுங்கும்.

இன்று ராத்திரி ஃபியூஸைக் கழற்றிவிட்டு அளந்து வையுங்கள். காலையில் இடது முன் மூலை எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது, வலது முன் மூலையும் கூட இறங்கியதா, இந்த இரண்டை மட்டும் எழுதுங்கள். எந்தச் சாமான் வாங்க வேண்டும் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.